ஆட்டிசம்: சிகிச்சையும் பயிற்சியும் – சில தெளிவுகள்

ஒரு குறைபாட்டுக்கு ஒரு மொழி இடும் பெயரே, அம்மொழி பேசுவோர் அதனை எந்தக் கண்ணோடு பார்க்கின்றனர் என்பதைக் காட்டிவிடும். 'ஆட்டிசம்' என்னும் சொல்லுக்குத் தமிழில் இன்னும் ஒரு பெயர் நிலைபெறவில்லை. 'மதியிறுக்கம்' என்பர் சிலர். 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்ற தொடர் அரசுப் படிவங்களில் இடம்பெற்று வந்துள்ளது. முதற்பெயர் அறிவின்மேல் பழி போடுகிறது. இரண்டாவது, அக்குழந்தை நம்மை அறியவே இல்லை என்று தீர்ப்பளிக்கிறது. இரண்டும் பொருந்தா. அரபியில் வழங்கும் பெயர் 'தவஹ்ஹுத்'. தனித்திருத்தல் என்பது பொருள். 'தவ்ஹீத்' பிறந்த அதே வேரில் பிறந்த சொல். பன்னிரண்டாம் நூற்றாண்டின் அந்தலூசிய மெய்யியலாளர் இப்னு பாஜா தம் நூலொன்றுக்குத் 'தத்பீருல் முதவஹ்ஹித்' எனப் பெயரிட்டார். சீர்கெட்ட சமூகத்தின் நடுவே தனித்து வாழும் ஞானியைப் பற்றிய நூல் அது. ஆட்டிசத்துக்கும் அதற்கும் எள்ளளவும் தொடர்பில்லை. சொல்லொற்றுமையைக் கண்டு, நம் முன்னோர் இதனை அன்றே கண்டறிந்துவிட்டனர் என்று எழுதிவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு என்பதால் இதனைக் கூற நேர்ந்தது. பெயர்க் குழப்பம் தீரும்வரை நாம் 'ஆட்டிசம்' என்றே எழுதுவோம்.

1911இல் சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் பிளாய்லர் இச்சொல்லை வேறொரு நோயின் அறிகுறியைக் குறிக்கவே படைத்தார். 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் பதினொரு குழந்தைகளை விரிவாக ஆராய்ந்து எழுதிய கட்டுரையும், 1944இல் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் எழுதிய கட்டுரையும் இதனைத் தனியொரு நிலையாக உலகுக்கு அறிமுகம் செய்தன. அதன்பின் வந்த இருபது ஆண்டுகள் துயரமானவை. அன்பற்ற, குளிர்ந்த மனம் கொண்ட தாய்மாரே இதற்குக் காரணம் என்னும் கருத்து மேலைநாடுகளில் ஓங்கியது. புருனோ பெட்டல்ஹைம் 1967இல் எழுதிய நூல் அக்கருத்தைப் பரப்பியது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, தாமே இத்தகைய குழந்தையின் தந்தையாகிய பெர்னார்ட் ரிம்லண்ட், இது மூளை வளர்ச்சி சார்ந்தது என்று வாதிட்டு ஒரு நூல் எழுதியிருந்தார். ரிம்லண்டின் பக்கமே உண்மை இருந்தது. இன்று மரபணுக்களின் பங்கு பெரிது என்பதில் ஆய்வாளரிடையே ஐயமில்லை. ஆயினும் நம் இல்லங்களில், 'கருவுற்றிருந்தபோது இவள் என்ன செய்தாளோ' என்று மருமகளை நோக்கிக் கேட்கும் மாமியாரிடம் பெட்டல்ஹைம் இன்னும் உயிரோடு இருக்கிறார்.

அறிகுறிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, கண்ணோடு கண் நோக்காமை, விரும்பிய பொருளை விரலால் சுட்டிக்காட்டாமை, பேச்சு தாமதித்தல் அல்லது வந்த பேச்சு நின்றுபோதல், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், மாற்றத்தைத் தாங்க இயலாமை, ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றுக்கு அளவுக்கு மீறியோ குறைந்தோ எதிர்வினை காட்டுதல். இவற்றுள் ஒன்றிரண்டு மட்டும் இருப்பதால் ஆட்டிசம் ஆகிவிடாது. எல்லாக் குழந்தைகளிடமும் இவை ஒரே அளவில் இருப்பதுமில்லை. ஒரு சொல்லும் பேசாத குழந்தையும் இதில் உண்டு. பொறியியல் பட்டம் பெற்று ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் வரைபடம் தீட்டுபவரும் இதில் இருக்கலாம். உலகில் 2021ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவர் இந்நிலையில் இருந்தார் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஆற்காட்டு நவாப் முகம்மது அலீ வாலாஜாவின் பெயரைத் தாங்கிய வாலாஜாபாத்திலும், அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், ஒரகடம் சாலையோரம் புதிதாக எழுந்துள்ள வாடகைக் குடியிருப்புகளிலும் இக்குழந்தைகள் இருந்தே தீர வேண்டும். அவர்களை நாம் ஏன் காண்பதில்லை என்பதே கேள்வி.

'இவனுடைய தகப்பனும் தாமதமாகத்தான் பேசினான்' என்னும் ஆறுதலே முதற் காரணம். இவ்வாறு காத்திருந்து கழியும் இரண்டு மூன்று ஆண்டுகள், பயிற்சி மிகுதியாகப் பயன் தரக்கூடிய ஆண்டுகள். பதினாறு மாதம் முதல் முப்பது மாதம் வரையுள்ள குழந்தைக்கு இருபது எளிய கேள்விகளைப் பெற்றோரிடம் கேட்டு ஐயத்தைக் கண்டறியும் முறை ஒன்று உலகெங்கும் வழக்கில் உள்ளது. நம் நாட்டில் 2013இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் சென்று பரிசோதிக்கின்றன. வளர்ச்சித் தாமதமும் அவர்கள் தேடுபவற்றுள் ஒன்று. ஐயம் எழுந்தால் மாவட்ட அளவிலான ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவர். நம் பிள்ளைகளைத் தனியார் மழலையர் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அங்கன்வாடியை ஏழைகளுக்குரியது என்று கருதும் குடும்பங்கள் இந்த வாய்ப்பை அறியாமலே இழக்கின்றன.

ஆட்டிசத்தை உறுதி செய்ய இரத்தப் பரிசோதனையோ மூளைப் படமோ இல்லை. குழந்தையை உற்றுநோக்கியும் பெற்றோரிடம் கேட்டறிந்துமே முடிவு செய்கின்றனர். சான்றிதழுக்கென இந்தியாவில் உருவாக்கப்பட்ட அளவுகோலில் நாற்பது கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். எழுபதுக்குக் கீழ் இருந்தால் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை இலேசானது. 107 முதல் 153 வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமையானது. நம் பகுதியினர்க்கு எட்டும் தொலைவில் உள்ள பெரிய நிறுவனம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இயங்கும் பல்வகை மாற்றுத்திறன் கொண்டோர்க்கான தேசிய நிறுவனம். 2005இல் நிறுவப்பட்ட அது நடுவண் அரசினுடையது. செங்கல்பட்டு வழியே பேருந்து மாறிப் போய்வர ஒரு நாள் ஆகிவிடும். முழுமையான மதிப்பீட்டுக்கு அந்த ஒரு நாளைச் செலவிடுவது தகும் என்பது நம் கருத்து. வாரந்தோறும் அங்கே செல்வது பெரும்பாலோர்க்கு இயலாது; அதனைப் பின்னர்ப் பேசுவோம்.

இனி, சிகிச்சை. ஆட்டிசத்தை நீக்கும் மருந்து இல்லை. இதனை முதலிலேயே சொல்லிவிடுவது நலம். இருப்பவை பயிற்சிகள். அவற்றின் நோக்கம் அக்குழந்தையை வேறொரு குழந்தையாக மாற்றுவதன்று. தன் தேவையைப் பிறர்க்கு உணர்த்தவும், உண்ணவும் உடுக்கவும் கழிப்பறை செல்லவும் தானே கற்கவும், அச்சமின்றி மக்களிடையே இருக்கவும் அதற்கு உதவுவதே.

பேச்சுப் பயிற்சி என்றவுடன் நாவைப் பழக்குவது என்று பலர் எண்ணுகின்றனர். 'பிஸ்மி சொல்', 'அத்தா சொல்' என்று நாள்முழுதும் குழந்தையை வற்புறுத்துகின்றனர். பேச்சுக்கு முந்தியது தகவல் பரிமாற்றம். 1985இல் அமெரிக்காவில் பாண்டி, ஃப்ராஸ்ட் என்னும் இருவர் படங்களைக் கொண்டு ஒரு முறையை வகுத்தனர். தண்ணீர் வேண்டுமானால் தண்ணீர்ப் படத்தை எடுத்துத் தாயின் கையில் கொடுக்கக் குழந்தை பழகுகிறது. ஒருவரை நாடிச் சென்று ஒன்றைக் கேட்பது என்னும் மனித உறவின் முதற்படி அதில் அமைந்துள்ளது. படம் காட்டினால் பேச்சு வராமற் போய்விடும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. ஆய்வுகள் அவ்வச்சத்தை உறுதி செய்யவில்லை. வீட்டிலுள்ள தட்டு, குவளை, செருப்பு, ஊஞ்சல் ஆகியவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து அச்சிட்டு அட்டையில் ஒட்டினால் போதும், பெரும் செலவில்லை.

இங்கே நம் சமூகத்துக்கே உரிய ஒரு சிக்கலைக் கூறவேண்டும். வாலாஜாபாத், காஞ்சிபுரம் வட்டாரங்களில் வீட்டில் உருது பேசும் குடும்பங்கள் பல. தாய் உருதுவில் கொஞ்சுகிறாள், தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். குழந்தை பேசத் தாமதித்தால், 'ஒரே மொழியில் மட்டும் பேசுங்கள், அதுவும் ஆங்கிலமாக இருக்கட்டும்' என்று அறிவுரை கிடைக்கிறது. தாயோ பாட்டியோ சரளமாகப் பேச முடியாத மொழியில் துண்டு துண்டாகப் பேசத் தொடங்குகின்றனர். பிறகு பேசுவதையே குறைத்துவிடுகின்றனர். இரு மொழிச் சூழல் ஆட்டிசக் குழந்தையின் மொழி வளர்ச்சியைக் கெடுப்பதாக இதுவரையிலான ஆய்வுகள் காட்டவில்லை. தாய்க்கு எந்த மொழியில் தாலாட்டு வருமோ அந்த மொழியே அக்குழந்தைக்கு உகந்தது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இத்தொழிற்பகுதியில் குடியேறியிருக்கும் குடும்பங்களுக்கும் இது பொருந்தும்.

ஆக்குபேஷனல் தெரபி எனப்படுவது அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி. பொத்தான் போடுதல், கரண்டி பிடித்தல், பல் துலக்குதல் ஆகியவற்றைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துக் கற்பிப்பர். புலன் உணர்வுகளைச் சீராக்குவதற்கென ஊஞ்சல், பந்து முதலியவற்றைக் கொண்டு செய்யும் பயிற்சிகளும் இதில் அடங்கும். முன்னதன் பயன் கண்கூடு. பின்னதற்குரிய சான்று அத்துணை வலுவானதன்று.

நடத்தைப் பயிற்சியின் வரலாறு சிக்கலானது. 1987இல் கலிஃபோர்னியாவின் ஐவர் லோவாஸ் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு நாற்பது மணி நேரப் பயிற்சி பெற்ற பத்தொன்பது குழந்தைகளில் ஒன்பது பேர் மற்றக் குழந்தைகளைப் போல் பள்ளி செல்லும் நிலை அடைந்தனர் என்று கூறப்பட்டது. அச்செய்தி உலகையே திரும்பிப் பார்க்கச் செய்தது. ஆனால் குழந்தைகள் சீட்டுக் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. தொடையில் அடிப்பது உள்ளிட்ட தண்டனைகளும் அன்று கையாளப்பட்டன. இன்றைய பயிற்சியாளர்கள் தண்டனையைக் கைவிட்டு, விளையாட்டினூடே கற்பிக்கும் இயல்பான முறைகளுக்கு மாறி வருகின்றனர். ஆட்டிசம் உடைய பெரியவர்கள் சிலர், கை அசைப்பதையும் ஆடுவதையும் வலிந்து அடக்கிய அப்பயிற்சி தங்களைப் புண்படுத்தியது என்று இன்று எழுதுகின்றனர். அவர்களுடைய குரலைச் செவிமடுக்க வேண்டும். எந்த மையத்திலேனும் குழந்தையை அடிப்பதோ, கட்டி வைப்பதோ, பெற்றோர் பார்க்கக்கூடாது எனக் கதவை அடைப்பதோ நிகழுமாயின் அங்கிருந்து வெளியேறிவிட வேண்டும்.

நமக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. வாரத்துக்கு நாற்பது மணி நேரம் பயிற்சியாளரை அமர்த்த இங்கே யாரால் இயலும்? சுழற்சி முறை வேலை செய்யும் தந்தை ஒரு வாரம் பகலிலும் மறுவாரம் இரவிலும் இல்லத்தில் இருப்பதில்லை. ஆகவே பெற்றோரையே பயிற்றுவிக்கும் முறை நம் கவனத்துக்குரியது. இங்கிலாந்தில் ஜொனாதன் கிரீன் குழுவினர் 152 குழந்தைகளைக் கொண்டு இம்முறையை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டனர். தாயும் குழந்தையும் விளையாடுவதைக் காணொளியாகப் பதிந்து, பின்னர்த் தாயுடன் அமர்ந்து அதனைப் பார்க்கின்றனர். குழந்தை எப்போது நோக்கியது, எதற்குச் சிரித்தது, தாய் அவசரப்பட்டு எங்கே அதனைத் தவறவிட்டார் என்பதை அவரே கண்டுகொள்கிறார். கட்டளைகளைக் குறைத்து, குழந்தை போகும் வழியில் தாமும் போகப் பழகுகிறார். இம்முறையைத் தெற்காசியாவுக்கேற்ப மாற்றி, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் சோதித்தனர். முடிவு 2016இல் வெளிவந்தது. பயிற்றுவித்தவர்கள் நிபுணர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண நலப் பணியாளர்கள். பெற்றோர் குழந்தையோடு இசைந்து நடப்பது கூடியது. குழந்தை தானாகத் தொடர்பு கொள்ள முற்படுவதும் கூடியது. எல்லா அளவீடுகளும் ஒரே திசையில் அமைந்துவிடவில்லை, ஆய்வும் சிறியது. எனினும், எல்லைக்கு இருபுறமும் நம்மைப் போன்ற இல்லங்களில் இது செய்யக்கூடியது என்பது தெளிவாயிற்று. ஜமாஅத்துகள் நடத்தும் பெண்கள் மதரஸாக்களில் கற்றுத் தேர்ந்த ஆலிமாக்கள் எத்தனையோ பேர் உள்ளனர். அவர்களுள் இருவர்க்கு இப்பயிற்சி அளித்தால், ஊரிலுள்ள தாய்மார் முட்டுக்காட்டுக்கு அலையாமல் பயன் பெறுவர் என்பது நடக்கக்கூடாத கனவன்று.

மருந்துகளைப் பற்றி ஓரிரு சொற்கள். கடும் எரிச்சல், தன்னைத்தானே தாக்கிக்கொள்ளுதல் ஆகியவற்றுக்கு ரிஸ்பெரிடோனை 2006இலும் அரிபிப்ரசோலை 2009இலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஏற்றது. இவை ஆட்டிசத்தை மாற்றுவதில்லை. உடன் வரும் தொல்லையைத் தணிக்கின்றன. உடல் எடை கூடுதல் முதலிய பக்கவிளைவுகள் உண்டு. வலிப்பு இருப்பின் அதற்கு மருந்து தவறாமல் தரப்பட வேண்டும்.

போலிச் சிகிச்சைகளே இன்று பெருந்தொல்லை. நாம் அறிந்த ஒரு குடும்பத்தார், தொழிற்சாலைக்கு விற்ற நிலத்தின் பணத்தில் எஞ்சியதைக் கொண்டு வெளிமாநிலத்தில் ஸ்டெம் செல் ஊசி போட்டு வந்தனர். மூன்று முறை சென்றனர். சிறுவன் இருந்தபடியே இருக்கிறான், நிலம்தான் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறை, இரத்த நோய்கள் போன்ற ஏற்கப்பட்ட சிலவற்றுக்கன்றி ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாக விற்பதை ஏற்கவில்லை. 2022 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆணையத்தின் அறநெறி வாரியமும் ஆட்டிசத்துக்கு இதனைப் பரிந்துரைப்பது தொழில் ஒழுக்கத்துக்கு மாறானது என்று தெரிவித்தது. உடலிலுள்ள உலோகங்களை நீக்குவதாகக் கூறும் மற்றொரு சிகிச்சையின்போது 2005இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். கோதுமையும் பாலும் நீக்கிய உணவு முறைக்கும் வலுவான சான்றில்லை. ஏற்கனவே இரண்டு மூன்று பண்டங்களை மட்டுமே உண்ணும் குழந்தையிடமிருந்து பாலையும் பறிப்பது ஊட்டக்குறைவையே தரும்.

தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற பேச்சு, 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்னும் மருத்துவர் லான்செட் இதழில் எழுதிய கட்டுரையால் பரவியது. அக்கட்டுரையை 2010இல் அவ்விதழே திரும்பப் பெற்றது. அவரது மருத்துவப் பதிவும் அவ்வாண்டே நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில் தொடர்பு எதுவும் தெரியவில்லை. 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் பறந்த வதந்திகளை நாம் மறந்திருக்க மாட்டோம். கருவுற்ற தாயிடம் ரூபெல்லா தொற்றினால் குழந்தைக்குச் செவியும் கண்ணும் இதயமும் பாதிக்கப்படும். அக்குழந்தைகளிடம் ஆட்டிசமும் கூடுதலாகக் காணப்பட்டது. ஊசியை மறுப்பவர் எதற்கு அஞ்சுகிறாரோ அதனையே அழைக்கிறார். 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசு பாராசிட்டமால் மாத்திரையின்மேல் ஐயம் எழுப்பியது. ஸ்வீடனில் 24 இலட்சம் குழந்தைகளைக் கொண்ட 2024ஆம் ஆண்டு ஆய்வில், உடன்பிறந்தாரை ஒப்பிட்டபோது அத்தகைய தொடர்பு காணப்படவில்லை.

ஓதிப் பார்ப்பது குறித்துக் கேட்பீர்கள். நோயுற்றவர்க்காக ஓதுவதும் துஆச் செய்வதும் மார்க்கத்தில் உள்ளவை. மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியதும் மார்க்கத்தில் உள்ளதே. ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளிப்போடுவதற்கு ஆதாரமில்லை. பேச்சு வராத மூன்று வயதுக் குழந்தைக்கு 'ஜின் தீண்டியது' என்று நாற்பது நாள், பிறகு இன்னொரு நாற்பது நாள் என இழுத்தடிப்பவர், அக்குழந்தைக்குரிய காலத்தைத் தின்கிறார். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட இயலாமல் மாண்டனர். அவர்கள் மனநோயாளிகள் எனக் கொண்டு வரப்பட்டவர்கள், ஆட்டிசம் மனநோயன்று. ஆயினும், புரியாத நடத்தையைக் கண்டால் கட்டிப்போடும் மனப்பான்மை ஒன்றே. அதற்குப் பின் குஜராத்தின் மீரா தாதார் தர்காவிலும், ஏர்வாடியிலுமே, தர்காவுக்கு வருவோர்க்கு அங்கேயே மருத்துவரும் கிடைக்கும் ஏற்பாடு வந்தது. துஆவும் தவாவும் ஒரே வாசலில் நிற்க முடியும் என்பதற்கு அது சான்று.

ஃபிக்ஹு நூல்களில் ஆட்டிசம் என்ற தலைப்பைத் தேடினால் கிடைக்காது. ஹனஃபி நூல்களில் 'மஜ்னூன்' எனப்படும் பைத்தியம் ஒருபுறமும், 'மஃதூஹ்' எனப்படும் புரிதல் குன்றியவர் மறுபுறமும் வைத்துப் பேசப்படுகின்றனர். மஃதூஹின் நிலை, நன்மை தீமை பிரித்தறியும் சிறுவனின் நிலையை ஒத்தது. அன்பளிப்பைப் பெறுவது போன்ற முழுதும் நன்மையான செயல் அவரிடமிருந்து செல்லும். தம் சொத்தைத் தானமளிப்பது போன்ற இழப்பான செயல் செல்லாது. விற்றல், வாங்கல் வலீயின் இசைவைப் பொறுத்தது. ஆட்டிசம் உடையோர் அனைவரையும் இதற்குள் அடைப்பது தவறு. புரிதல் நிறைந்தவர் எல்லாரையும் போல முகல்லஃப்; தொழுகையும் நோன்பும் அவர்மீது கடமையே. புரிதல் குன்றியவர்மேல் அக்கடமை இல்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்தே சொல்ல வேண்டும். பள்ளிவாசலில் ஒலிபெருக்கியின் ஓசைக்கு அஞ்சிக் காதைப் பொத்திக்கொண்டு கத்தும் சிறுவனையும் அவன் தந்தையையும் முறைத்துப் பார்ப்போர், குழந்தையின் அழுகுரல் கேட்டு நபி (ஸல்) அவர்கள் தொழுகையைச் சுருக்கியதை நினைத்துக்கொள்ளட்டும்.

புரிதல் எவ்வளவு குன்றியிருப்பினும் உடைமைக்குரிய தகுதியாகிய 'அஹ்லிய்யத்துல் வுஜூப்' ஒருவரிடமிருந்து நீங்குவதில்லை. வாரிசுரிமையில் அவருடைய பங்கு ஓர் இழையும் குறையாது. நடைமுறையிலோ, 'இவனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று வாய்மொழியாகக் கூறி, அவன் பங்கையும் சேர்த்து அண்ணன் தம்பியர் எழுதிக்கொள்வதைக் காண்கிறோம். நிலத்தின் விலை ஏறியுள்ள இத்தொழிற்பகுதியில் இது பெருகியும் வருகிறது. பதினெட்டு வயது நிறைந்தபின் பெற்றோரேயாயினும் சட்டப்படி தாமாகக் காப்பாளர் ஆகிவிடுவதில்லை என்பதையும் பலர் அறியார்.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோர்க்கென 1999இல் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டம் இதற்கு வழி செய்கிறது. மாவட்ட ஆட்சியர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோரைக் கொண்ட உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்தால், விசாரித்துக் காப்பாளரை நியமிக்கும். இதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். பயிற்சிக் கட்டணத்துக்கும் அதில் ஒரு பகுதி உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் இருபத்தொரு வகைகளுள் ஒன்றாகச் சேர்த்ததால், தனித்துவ அடையாள அட்டையும் பெறலாம். காப்பாளராக நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் அவருடைய சொத்து விவரத்தைக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். அதன்பின் ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கும் காட்டியாக வேண்டும். யத்தீமின் சொத்தை ஆளும் வலீயிடம் ஃபிக்ஹு எதிர்பார்க்கும் நேர்மையை இச்சட்டம் எழுத்தில் கேட்கிறது. விண்ணப்பப் படிவம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கிடைக்கும். காஞ்சிபுரம் மாவட்டம் 2019 நவம்பரில் பிரிக்கப்பட்ட பின்னும் வாலாஜாபாத் வட்டம் காஞ்சிபுரத்திலேயே இருப்பதால், நம் பகுதியினர் அங்கேதான் செல்ல வேண்டும்.